பச்சை எது, பழுப்பு எது

அச்சகத்தை மூடிவிட்டார்கள். பதினான்கு வருடம் அங்கே தாள் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்றவன், இப்போது வீட்டில் மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் ஏதாவது வெட்டித் தரட்டுமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான். மூன்று வாரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். ஒரு குழந்தைக் கவுனின் கையை அவன் தாளை வெட்டுவதுபோல நேர்க்கோட்டில் வெட்டிவைத்த அன்று, அளவு எழுதும் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினாள்.

"இதப் பாருங்க. கம்ப்யூட்டர் நெட்வொர்க். நாலு மாசம். எல்லாமே கையால செஞ்சு கத்துக்கறதாம், படிக்கறது கம்மியாம்."

"என் வயசுக்கா?"

"முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. அந்தக் கவுன்கிட்ட மட்டும் கேக்காதீங்க."

பயிற்சி நிலையம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க வார்னிஷ் வாசனை. நீளமான அறையில் பத்து பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பழைய கணினிகள், கேபிள்களை ஒன்றுசேர்க்க ஒரு ஸ்விட்ச் பெட்டி, வெளியே இணைக்க ஒரு ரவுட்டர், கேபிள் நுனியில் மாட்ட ஒரு டப்பா நிறையப் பிளாஸ்டிக் முனைகள். சொல்லித்தருகிறவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். காதில் பென்சிலைச் செருகியிருந்தார். வந்திருந்த இருபது பேரில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் முதல் நிமிடத்திலிருந்தே அவரை மேடம் என்றார்கள்.

"நோட்டப் பையிலயே வைங்க" என்றார் மேடம். "முதல்ல கை பழகட்டும். பேரு, விளக்கம் எல்லாம் அப்புறம் தானா வந்து ஒட்டிக்கும்."

அவனுடைய பெஞ்சில் கூட உட்கார்ந்தவர் இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கொடுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் இங்கே வந்துவிட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. ரவுட்டருக்குள் கேபிளைச் செருகும்போதுகூட "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குல்ல" என்பார்.

முதல் வாரமே மேடம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "புரோட்டோகால்னு சொன்னதும் பயந்துடாதீங்க. ரெண்டு பேர் பேசறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட முறை, அவ்வளவுதான். போன் எடுத்தா முதல்ல என்ன சொல்வீங்க? அது மாதிரி." பிறகு கண்டக்டரை அறையின் நடுவில் நிறுத்தி, எண்கள் எழுதிய சீட்டுக்கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். மற்றவர்கள் புதிதாக வந்து சேர்ந்த கணினிகள். "புது மெஷினுக்குத் தன்னோட முகவரி தெரியாது. யார்கிட்ட கேக்கணும்னும் தெரியாது. அதனால பொதுவா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தம் போட்டுத்தான் கேக்கும். எங்க, நீங்க கேளுங்க." அவனைத்தான் கை காட்டினார்.

அவனுக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. "எனக்கு ஒரு முகவரி வேணும். தர்றவங்க யாராவது இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன்!" என்று கண்டக்டர் அறை அதிரச் சொன்னார். "இருபத்தஞ்சாம் நம்பர் காலியா இருக்கு, வேணுமா?"

"வேணும். அதையே குடுங்க."

"பிடி. நாளைக்குக் காலை வரைக்கும் செல்லும். அதுக்குள்ள வந்து புதுப்பிச்சுக்கணும்." சீட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், மேடத்தின் பக்கம் திரும்பினார். "இதென்ன மேடம், இருபது வருஷமா நான் பஸ்ஸுல பண்ணதுதானே இது!"

அந்த நாலு வாக்கியப் பேச்சுக்கு டிஹெச்சிபி என்று பெயர் என்று மேடம் பலகையில் எழுதினார். அதற்குப் பிறகு கம்பிகளுக்குள் ஓடுவது மின்சாரம் மட்டும் இல்லை, பேச்சு என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை நடித்தே காட்டினான். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

சிக்கல் இரண்டாவது வாரம் வந்தது. கேபிள் செய்வதற்கான வாரம் அது.

சாம்பல் நிற உறையை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. மேடம் பலகையில் வரிசையை எழுதினார். ஆரஞ்சுக் கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடு போட்ட வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு போட்ட வெள்ளை, பழுப்பு. இந்த வரிசையில் அடுக்கி, முனைக்குள் செருகி, இடுக்கியால் ஒரு அழுத்து. குழந்தைகூடச் செய்யும்.

அவன் உறையை உரித்துப் பார்த்தான். நீலம் உடனே தெரிந்தது. மற்ற மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல முகச்சாடை காட்டிக்கொண்டு நின்றன.

எட்டு வயதில் அவன் வகுப்பில் ஒரு மரம் வரைந்தான். அடிமரத்துக்குப் பச்சையும் இலைகளுக்குப் பழுப்பும் பூசியிருந்தான். வகுப்பே சிரித்தது. அன்று மாலை அப்பா அவனை மடியில் உட்காரவைத்து, காதோடு காதாகச் சொன்னார்: "இது யாருக்கும் தெரிய வேணாம்டா. தெரிஞ்சா நாளைக்கு வேலை குடுக்க மாட்டாங்க, பொண்ணு குடுக்க மாட்டாங்க." அப்பா பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அது பையனுக்குள் ஆணியடித்ததுபோல இறங்கிவிட்டது. அச்சகத்தில் மை கலக்கும் அறையில் போட்டபோது, மை வாசனைக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி வெட்டும் இயந்திரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு, "உனக்குத்தான் துணி ஞானம்" என்று சட்டை வாங்கும் பொறுப்பை மனைவியிடம் தள்ளிவிட்டான். பதினோரு வருடம் அது ஒரு சிரமமும் இல்லாமல் ஓடியது.

இப்போதும் வழி இருந்தது. கண்டக்டரின் விரல்கள் டிக்கெட் கிழித்துக் கிழித்துப் பழகியவை. ஐந்து நிமிடத்தில் ஒரு கேபிள் செய்வார். ஆனால் திரையில் வரி வரியாக எழுத்து ஓடினால் அவருக்குக் கண் சொருகிவிடும்.

"கேபிள் எல்லாம் நீங்க பண்ணுங்க. உங்க கை நீட்டா இருக்கு" என்றான். "கட்டளை அடிக்கறது, படிக்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அட, இதுவல்லவோ பங்காளி!" என்று கண்டக்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அடுத்த மாதம், கம்பியில் பேச்சுத் துண்டு துண்டாகப் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடித்துத் திரையில் காட்டும் மென்பொருள் வந்தது. யார் யாருக்கு அனுப்பினார்கள், எந்த முறையில் பேசினார்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் வரி. கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அது ஒவ்வொரு வகைப் பேச்சுக்கும் ஒரு நிறம் பூசித் தரும். கோளாறு என்றால் கறுப்புப் பட்டையில் சிவப்பு எழுத்து. எல்லோரும் விரலால் உருட்டிக்கொண்டே போய்க் கறுப்புப் பட்டையைத் தேடினார்கள். அவனுக்கோ அந்த நிறங்கள் ஈரத்துணியில் ஊறிய கறைபோல இருந்தன, கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து இருப்பதே தெரியவில்லை. அமைப்புகளைத் துழாவி, நிறத்தை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டான். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அச்சகத்தில் பார்த்த மாதிரி.

"என்னய்யா இது, உன் ஸ்கிரீன் மட்டும் எழவு வீடு மாதிரி இருக்கு?" என்றார் கண்டக்டர்.

வேறு வழியில்லாததால் அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். மற்றவர்கள் பாடம் முடித்துத் தேநீர் குடிக்கப் போன பிறகும் படித்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் அவனுக்கு நிதானம் என்று பெயர் வைத்தார். ஒரு வாரத்தில் மேடமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். "நிதானம், உங்க ஸ்கிரீனக் கொஞ்சம் காட்டுங்க."

ஒருநாள் காலையில் அறையில் பாதிக் கணினிகள் பயிற்சிச் சர்வரோடு பேச மறுத்தன. நேற்று மாலை வரை நன்றாக இருந்தவை. மேடம் கேபிள்களை மாற்றினார், எல்லா பெஞ்சுகளையும் இணைக்கும் பெரிய ஸ்விட்சை அணைத்துப் போட்டார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கடித்தார். எல்லோரும் கறுப்புப் பட்டையைத் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. பார்வைக்கு எல்லாமே நலம்.

அவன் தன் கணினியின் முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கவைத்தான். வந்ததை மேலிருந்து படித்தான். யாராவது இருக்கீங்களா என்று ஒரு கேள்வி. இருக்கேன் என்று ஒரு பதில். அதற்குக் கீழே இன்னொரு வரி. அதுவும் இருக்கேன் என்றது. அவன் இரண்டையும் மறுபடி படித்தான். அனுப்பியவர் எண்கள் வேறு வேறு.

"மேடம்" என்றான். "ஒரு கேள்விக்கு ரெண்டு பேர் பதில் சொல்றாங்க."

மேடம் குனிந்து பார்த்தார். பிறகு, "ரெண்டு கண்டக்டர் ஒரே பஸ்ஸுல!" என்றார்.

எல்லோருமாகப் பெரிய ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்று சுவர் ஓட்டை வழியாக அலுவலக அறைக்குள் போனது. அங்கே எழுத்தர், தன் கைபேசிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து ஒரு சின்ன ரவுட்டர் பெட்டியைக் கொண்டுவந்து, அலமாரிக்குப் பின்னால் மாட்டிவைத்திருந்தார். அதுவும் தன் பங்குக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைக் கழற்றியதும் எல்லாக் கணினிகளும் பேச ஆரம்பித்தன. கண்டக்டர் முதலில் கை தட்ட, அறை முழுக்கக் கை தட்டியது.

அன்று அவன் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினான். கடைசிப் படியில் கால் வைத்தபோது, இவர்கள் கை தட்டியது ஒரு கேபிள்கூடச் செய்யத் தெரியாதவனுக்கு என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நடந்தான்.

மூன்றாவது மாதக் கடைசியில் மேடம் செய்முறைத் தேர்வைப் பற்றிச் சொன்னார். இன்னும் இரண்டு வாரம். ஒவ்வொருவரும் தனித்தனி. இரண்டு கேபிள் சொந்தக் கையால் செய்து, வலையமைப்பை எழுப்பி, மேடம் ஒளித்துவைக்கும் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம்.

அதிலிருந்து மதிய இடைவேளைகளில் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவன் தனியாக உட்கார்ந்து கேபிள் செய்து பார்த்தான். செய்ததைச் சோதிக்கும் கருவியில் மாட்டினால், இரண்டு முனையிலும் விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிய வேண்டும். ஒன்று எரிந்தது, இரண்டு எரிந்தது, மூன்றுக்குப் பதிலாக மறுமுனையில் ஏழு எரிந்தது. இன்னொன்று செய்தான். அதில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று. ஏழு கேபிள் செய்தான். ஏழும் கோணல். வெட்டிய துண்டுகளை யாரும் பார்க்காதபடி சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "திங்கக்கிழமையிலேருந்து போகப் போறதில்ல."

இயந்திரம் நின்றது. "ஏன்?"

"சொல்லித்தர்றது சரியில்ல."

"அந்த மேடத்தையா சொல்றீங்க? நேத்து வரைக்கும் அவங்களத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனீங்க."

"எனக்கு ஒத்து வரல. விடேன்."

அவள் துணியை மடித்து வைத்தாள். கொக்கியில் தொங்கிய அவன் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பைக்குள் இருந்த கம்பித் துண்டுகளை வெளியே எடுத்து, மேசையில் கொட்டினாள். உறைக்கு வெளியே பச்சையும் பழுப்பும் ஆரஞ்சும் நீலமும் நீட்டிக்கொண்டிருக்க அவை சிதறின. ஒரு துண்டின் நுனியை விரலால் பிரித்துப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"கலர் பிரியலையா?"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "உனக்கு எப்படி..."

"கல்யாணம் ஆகி ஒம்போதாவது நாள். பழுப்பு நூல் வாங்கிட்டு வாங்கன்னேன். பச்சை வாங்கிட்டு வந்து, அது பழுப்புதான்னு என்கிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்க."

"அப்பவே தெரியுமா?"

"நூல்கண்டுக்கு அடியிலெல்லாம் கலர் பேரு எழுதி ஒட்டியிருக்கேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்கா தெரியாது பச்சைக்கும் பழுப்புக்கும்?"

பதினோரு வருடம் அந்தச் சீட்டுகளைப் பார்த்து நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவளுடைய வசதிக்கு எழுதியது என்றே நினைத்திருந்தான். முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஒளித்துக்கொண்டதாக நினைத்து இத்தனை காலம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறோம் என்ற வெட்கத்தில் வந்த கோபம்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். கேட்டா உங்க மனசு நோகும்னு இருந்தேன். இந்த வருஷம் சொல்வாரு, அடுத்த வருஷம் சொல்வாருன்னு பாத்தா, நீங்க சரியான கல்லுளிமங்கன்." "நான் என்ன விட்டுட்டா போயிருப்பேன், ஒரு பச்சைக்காக?"

அவன் அப்பா சொன்னதைச் சொன்னான். மரம் வரைந்ததையும் மை அறையையும் சொன்னான். சொல்லச் சொல்ல, இவ்வளவு சின்னதா இது என்று இருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் அழுதானா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வான். அவள் தோள் ஈரமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தையல் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து உறையைப் பிளேடால் உரித்தாள். நாலு ஜோடியையும் பிரித்து, நூலைத் தேர்வு செய்கிறவள்போலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருட்டினாள். ஒன்றில் விரல் நின்றது.

"இது மத்தத விட இறுக்கமா முறுக்கியிருக்கே?"

"எல்லாம் ஒரே மெஷின்ல முறுக்கறதுதானே?"

"இல்லீங்க. நூல்ல பாத்திருக்கேன். முறுக்கு மாறினா கைக்கே தெரியும்." கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மேசைமேல் விரித்து, ஜோடிகளை அதன் பக்கத்தில் நேராக வைத்துப் பிடித்தாள். "இருபது சென்டிமீட்டருக்கு எத்தன முறுக்குன்னு எண்ணுங்க. கலரப் பாக்காதீங்க."

அவன் எண்ணினான். நீலம் பதிமூன்று. அவள் பச்சை என்று காட்டிய ஜோடியும் பதிமூன்று. மற்ற இரண்டும் பதினொன்று. இன்னொரு துண்டை உரித்து எண்ணினான். அதே கணக்கு. அப்போதுதான் மேடம் எப்போதோ போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றின் காதில் விழாமல் இருக்க, ஒவ்வொன்றையும் மயிரிழையாவது வேறு அளவில் முறுக்குவார்கள் என்று சொல்லியிருந்தார். அன்று அவன் அதைக் காதில் வாங்கியதோடு சரி.

"நீலம் உங்களுக்கே தெரியும். மிச்சத்துல இறுக்கமானது பச்சை" என்றாள் அவள். "அதை ஓரமா வச்சிடுங்க. இந்த ரெண்டையும் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"மூணா இருந்தாத்தான் குழம்புது. ரெண்டா இருந்தா... இது கொஞ்சம் இருட்டு."

"அதான் பழுப்பு."

"அப்போ இது ஆரஞ்சு?"

"அது ஆரஞ்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அடுத்த துண்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லா ஜோடிகளையும் ஒரேயடியாகப் பிரித்துவிட்டால் எந்த வெள்ளை யாருடையது என்று தெரியாமல் போகும். அதனால் ஒரு ஜோடியைப் பிரித்து, அதன் இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பதை அவனே கண்டுபிடித்தான். அவள் துண்டுகளைக் கலந்து கலந்து கொடுத்தாள். முதல் பத்தில் மூன்று தப்பு. அடுத்த பத்தில் ஒன்று. மதியம் சமைக்க மறந்துபோய், மூன்று மணிக்கு ரொட்டியும் முட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மாலைக்குள் எண்ணாமலே நகத்தால் உரசிப் பார்த்துப் பச்சையைச் சொல்ல வந்துவிட்டது.

"மேடத்துகிட்டச் சொல்லிடுங்க" என்றாள்.

"வேணாம்மா. வெளிய அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். நீங்க இன்னும் பதினோரு வருஷம் இதச் சுமக்கறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனான். மேடம் கேபிள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் மறந்துபோய், "மேடம், எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும்" என்று நேரடியாகப் போட்டு உடைத்தான்.

மேடம் பெட்டியைக் கீழே வைத்தார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல மேடம். பழக்கமில்ல."

பிறகு முறுக்கு எண்ணிய கதையைச் சொன்னான். மேடம் முழுவதையும் கேட்டார். உடனே வேறொரு கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி உரித்து நீட்டினார். அவன் நகத்தால் உரசினான். மிச்சம் மூன்றில் இறுக்கமானதை எடுத்து, "இது பச்சை" என்றான்.

"பழுப்பு" என்றார் மேடம்.

அவன் முகம் விழுந்துவிட்டது.

"வருத்தப்படாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி முறுக்கு மாறும். புதுப் பெட்டி திறந்தா முதல்ல ஒரு துண்டு வெட்டி, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு தடவ கேளுங்க. எது எவ்வளவு முறுக்குன்னு எழுதிப் பெட்டி மேலயே ஒட்டிடுங்க. அப்புறம் அந்தப் பெட்டி தீர்ற வரைக்கும் யாரும் வேணாம் உங்களுக்கு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடறேன். தேர்வுல சலுகை கிடையாது. நீங்க பழகின பெட்டிதான் வைப்பேன், ஆனா அது சலுகை இல்ல. அதுதான் நிறைய மிச்சம் இருக்கு."

கண்டக்டரிடமும் அன்றே சொன்னான். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "அடப்பாவி! என் கேபிளோட அழகுல மயங்கித்தான் நீ விட்டுக் குடுத்தன்னு இத்தன நாளா வீட்ல பெருமையடிச்சிட்டிருக்கேன்." பிறகு, அவரால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு இருக்குய்யா" என்றார். "அந்த வரியெல்லாம் படிக்கச் சொன்னா எனக்குப் பயமாயிருக்கு. கொஞ்சம் கத்துக்குடேன்."

தேர்வு அன்று அவன் இரண்டு கேபிள் செய்ய ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். கண்டக்டர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார். அவனுடைய முதல் கேபிளில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. இரண்டாவதில் ஆறாவது விளக்கு மட்டும் எரியவே இல்லை. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நிறம் சரியாகவே இருந்தது. கம்பி ஒன்று கடைசி வரை உள்ளே போகாமல் முக்கால் தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாருக்கும் வரக்கூடிய தப்பு. கண்டக்டருக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்ததை மேடம் விசித்திரமாகப் பார்த்தார். முனையை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தான்.

முகவரிகளைக் கொடுத்து, ரவுட்டரை எழுப்பி, ஒவ்வொரு கணினியாகக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்த்தான். ஒன்று மட்டும் பக்கத்திலிருப்பவரோடு பேசியது, வெளியே பேசவில்லை. நிறமில்லாத தன் திரையில் வரிகளைப் படித்தான். அந்தக் கணினி வெளியே போகும் வாசலின் முகவரியை ஒரு எண் தவறாக வைத்துக்கொண்டு, இல்லாத ஒருவரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திருத்தினான். மணி அடிக்க நாலு நிமிடம் இருந்தது.

முடிவு வந்தபோது அவன் பெயர் பட்டியலின் நடுவில் இருந்தது. கண்டக்டருக்குக் கேபிளில் முழு மதிப்பெண், பாக்கெட் படிப்பதில் தோல்வி. அடுத்த மாதம் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுத வேண்டும். "உன் எழவு வீட்டு ஸ்கிரீன என் மெஷின்லயும் போட்டுக் குடு" என்றார். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதாக அவன் ஒத்துக்கொண்டான். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஆள் கேட்டிருப்பதாக மேடம் ஒரு சீட்டு கொடுத்தார். விண்ணப்பத்தில் கண்ணைப் பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். அவனும் அப்படித்தான் எழுதினான். ஐந்து வாரம் கழித்து வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

முடிவு வந்த அன்று அவள் ஒரு வாடிக்கையாளருக்குத் திரைச்சீலை கொடுத்துவிட்டு, அப்படியே மரச்சாமான் கடை வாசலில் வந்து காத்திருந்தாள். இருவரும் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அவன் ஒரு கதவைக் காட்டி, "இது என்ன கலர்?" என்றான்.

"செங்கல்."

"அந்த மாடியில காயுதே?"

"கிளிப்பச்சை. பக்கத்துல இருக்கறது பாசிப்பச்சை."

"பச்சையில இவ்வளவு இருக்கா?"

"இன்னும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காதீங்க, எனக்கு வாய் வலிக்கும்."

கேட்கத்தான் செய்தான். பஸ் நிறுத்தம், ஒரு கிழவரின் குடை, சைக்கிள், பூந்தொட்டி. பதினோரு வருடத்தில் வாங்க வேண்டிய பதில்களை எல்லாம் அந்த இரண்டு தெருவுக்குள் வாங்கிவிடுகிறவன்போலக் கேட்டுக்கொண்டே வந்தான். வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் நின்று, அவள் போட்டிருந்த உடையின் கைப்பக்கத்தைத் தொட்டான்.

"இது?"

"நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"மண் கலர்."

"இலைப்பச்சை. போன வருஷம் நானே தச்சது."

அவன் அந்தத் துணியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். "மண்ணுன்னு நெனச்சப்பவும் நல்லாத்தான் இருந்தது" என்றான்.

அவள் கையிலிருந்த துணிப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, வாசல் சாவியைத் தேடினாள்.